மெரெதேயின் தலைகீழ்க் கிட்டார்

எஸ்பென் பெண்டாட்டியிடம் பொய் சொல்லிப் பழக்கமில்லாதவன். அதனால் சொன்ன ஒரு பொய்யையும் உருப்படியாகச் சொல்லத் தெரியவில்லை. “உன் கிட்டார்ல கம்பியை முறுக்குற முறுக்காணியெல்லாம் இறுகிப்போச்சு. ஸ்வென்போர்க்ல குடுத்து எண்ணெய் போட்டு எடுத்துட்டு வர்றேன்” என்றான். ஃபெர்ரியின் எஞ்சின் அறையில் எண்ணெயோடு குடித்தனம் நடத்துகிறவன், ஆறு முறுக்காணிக்கு எண்ணெய் போட ஆள் தேடிக் கடல் தாண்டிப் போகிறேன் என்றால் யார் நம்புவார்கள்? மெரெதே நம்பினாள். அல்லது நம்பியதுபோல இருந்துவிட்டாள். கல்யாண வெள்ளிவிழா நெருங்கும்போது புருஷன் எதையாவது மறைத்தால் அதைத் தோண்டிக்கொண்டிருக்கக் கூடாது என்பது எங்கள் ஏரோ தீவில் எல்லாப் பெண்களுக்கும் தெரியும்.

விஷயம் போன கோடைத் திருவிழாவில் ஆரம்பித்தது. கோபன்ஹேகனிலிருந்து வாசிக்க வந்திருந்த ஒரு கிட்டார்க்காரர், துறைமுகத்துப் பெஞ்சில் உட்கார்ந்து மெரெதே வாசித்ததைக் கேட்டார். கேட்டவர் சும்மா போயிருக்கலாம். அருகில் வந்து குனிந்து பார்த்துவிட்டு, “அடப் பாவமே, நீங்க இடதுகைக்காரங்க! வலதுகைக் கிட்டாரை அப்படியே தலைகீழாத் திருப்பிப் பிடிச்சு வாசிக்கிறீங்களே! இத்தனை வருஷத்துல உங்க கைக்குத் தகுந்த மாதிரி ஒண்ணு மாத்தித் தர ஒருத்தருமா இல்லை?” என்றார். மெரெதே வாய்விட்டுச் சிரித்தாள். பக்கத்தில் பியர் பாட்டிலோடு நின்றிருந்த எஸ்பெனுக்குக் காது மடலெல்லாம் சிவந்துபோயிற்று. அந்த ஒருத்தர் தான்தானே என்று அவனுக்குச் சுருக்கென்றது. குளிர்காலம் முழுக்க அந்த வார்த்தை அவன் மண்டைக்குள் எஞ்சின் சத்தம்போல ஓடிக்கொண்டே இருந்தது.

ஸ்வென்போர்க்கில் கிட்டார் பழுது பார்க்கும் ஹோல்கரின் பட்டறை, ஒரு பழைய சைக்கிள் கடையின் பின்பக்கம் இருந்தது. ஹோல்கர் நிறையப் பேசுகிற ஆள் இல்லை. பெட்டியைத் திறந்து கிட்டாரை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அவங்க வரலையா?”

“இல்ல. அவளுக்குத் தெரியாம செய்யணும். எங்க வெள்ளிவிழாவுக்குப் பரிசு.”

“கீறலைப் பாத்தா இடதுகையால மீட்டுறவங்கன்னு தெரியுது. ஆனா கம்பி வலதுகைக்குக் கட்டினபடியே இருக்கு. எவ்ளோ நாளா இப்படி?”

“எனக்குத் தெரிஞ்ச நாள்லேருந்து இப்படித்தான். அந்தக் கொடுமையைத்தான் சரி பண்ணணும்.”

ஹோல்கர் மூக்கைச் சொறிந்துகொண்டார். “ஒரு வார்த்தை அவங்களைக் கேட்டுட்டுச் செய்யலாமே?”

“கேட்டா, ‘வேண்டாம், எதுக்கு வீண் செலவு’ம்பா. அவ குணம் எனக்குத் தெரியாதா?”

கல்யாணமாகி இத்தனை காலம் ஆனவர்களுக்கு வருகிற வியாதி இது. பதில் தெரியும் என்று கேள்வியையே விட்டுவிடுவார்கள். எஸ்பெனுக்கு அந்த வியாதி முற்றிப்போயிருந்தது.

“கம்பியைக் கழட்டி மாத்திக் கட்டினாப் போதும்ல?” என்று கேட்டான்.

“அப்படி லேசா முடிஞ்சா எனக்கு எதுக்கு இந்தக் கடை?” ஹோல்கர் கிட்டாரின் கழுத்து முடிகிற இடத்தில் குறுக்கே இருந்த எலும்புத் துண்டைக் காட்டினார். “இதுல ஒவ்வொரு கம்பிக்கும் அதோட பருமனுக்கு ஏத்த பள்ளம் இருக்கு. தடிச்ச கம்பி மெல்லிசோட பள்ளத்துல உக்காராது. மெல்லிசு தடிச்சதோட பள்ளத்துல கிடந்து ஆடும், கரகரன்னு சத்தம் போடும். அதனால புதுசா ஒண்ணு செதுக்கணும். கீழ பாருங்க, கம்பியெல்லாம் வந்து முடியிற இந்தக் கட்டையில இன்னொரு எலும்பு, கொஞ்சம் சாய்வாப் பதிச்சிருக்கா? அந்தச் சாய்வும் எதிர்ப்பக்கமாத் திரும்பணும். இல்லாட்டி மேல போகப் போகச் சுதி சேராது. அந்த எலும்பு பதிஞ்ச பள்ளத்தை அடைச்சுட்டு வேற வெட்டணும். ஒரு தடவை வெட்டினா வெட்டினதுதான். பரவாயில்லையா?”

“வெட்டுங்க.”

“கழுத்தோட விளிம்புல ஏதோ சிவப்பா, புள்ளி புள்ளியா ஒட்டியிருக்கே?”

எஸ்பென் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தான். இருந்தது. இதுவரை அவன் பார்த்ததில்லை. “எங்க பொண்ணு சின்ன வயசுல கிறுக்கியிருப்பா. தொடைச்சு விட்டுடுங்க.”

“தொடைச்சுட்டு அங்க வெள்ளைப் புள்ளி பதிச்சுத் தரட்டுமா? எந்தக் கட்டத்துல கை நிக்குதுன்னு வாசிக்கிறவங்களுக்குத் தெரியும்.”

“அவளுக்கா? அவ கண்ணை மூடிக்கிட்டே வாசிப்பா” என்றான் எஸ்பென் பெருமையாக.

ஹோல்கர் கிட்டாரைப் பட்டறை மேசைமேல் வைத்தார். ஃபெர்ரிக்கு நேரம் இருந்ததால் எஸ்பென் படகுத்துறைக் கடைக்குப் போய், வழக்கம்போல மெரெதேவுக்கு ஒரு குப்பி சிவப்பு நகப்பூச்சு வாங்கினான். இழுப்பறையில் இருக்கும் குப்பி தீரும் நிலைக்கு வந்தால் அவனாகவே புதிது வாங்கி வைத்துவிடுவான். கல்யாணமான புதிதில் தொடங்கிய பழக்கம். முதியோர் இல்லத்தில் வேலை செய்கிற, நாள் முழுக்கக் கை கழுவிக்கொண்டே இருக்கிற மெரெதேயின் நகத்தில் அவன் ஒருநாளும் சிவப்பைக் கண்டதில்லை. அதைப் பற்றி யோசித்ததும் இல்லை. குப்பி காலியாகிறது, அப்படியானால் பூசுகிறாள் என்று அர்த்தம். எஞ்சின்காரனின் கணக்கு அப்படித்தான் இருக்கும்.

எங்கள் ஊரில் இருபத்தைந்து வருஷம் குடும்பம் நடத்திய தம்பதியை நிம்மதியாகத் தூங்கவிட மாட்டோம். முந்தின சாயங்காலமே அக்கம்பக்கத்தார் வந்து, வாசற்கதவைச் சுற்றி ஊசியிலைக் கொப்புகளால் வளைவு கட்டி, காகித ரோஜாக்களைக் குத்திவிட்டுப் போவார்கள். ஆணியடிக்கிற சத்தம் துறைமுகம் வரை கேட்கும். உள்ளே இருக்கிற தம்பதி மட்டும் காது கேட்காதவர்களாக உட்கார்ந்து டி.வி. பார்க்க வேண்டும். மறுநாள் விடிந்ததும் விடியாததுமாக ஊரே ஜன்னலுக்கடியில் கூடிப் பாடும். தம்பதி இரவு உடுப்போடு கதவைத் திறந்து, ‘அட, என்ன இது!’ என்று வாயைப் பிளக்க வேண்டும். பிளந்த கையோடு அத்தனை பேரையும் உள்ளே கூப்பிட்டு, சூடான சின்ன ரொட்டியும் சீஸும் காபியும், தொண்டையைக் கழுவக் கசப்புச் சாராயமும் தர வேண்டும். திடுக்கிட்டுப்போன குடும்பத்தில் நாற்பது பேருக்கு ரொட்டி எப்படித் தயாராக இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை.

இந்தத் தெருவில் அப்படி எத்தனை காலை வந்ததோ, அத்தனையிலும் கிட்டார் வாசித்தவள் மெரெதே. இன்று முறை அவர்களுடையது; அவளே உள்ளே படுத்திருந்ததால், வெளியே பக்கத்து வீட்டு பென்ட்டின் டிரம்பெட் மட்டும்தான்.

“ரொம்பக் கீழ ஆரம்பிச்சிருக்கான்” என்று போர்வைக்குள்ளிருந்து மெரெதே கிசுகிசுத்தாள். “யாருக்கும் எட்டாது. தவளை மாதிரி ஆகப்போகுது பாரு.”

“நீ தூங்கிட்டிருக்கே. பேசாதே.”

“தூங்கறவ காதுலயும் விழுந்தா நான் என்ன பண்றது?”

தவளை மாதிரியேதான் ஆயிற்று. கதவைத் திறந்தார்கள், வாயைப் பிளந்தார்கள், எல்லாரும் ஹுர்ரா போட்டார்கள். அந்தச் சத்தம் அடங்குவதற்குள் எஸ்பென் முன்னறைக்குள் ஓடி, கோட்டுகளுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த பெட்டியைக் கொண்டுவந்தான். பேச்சு ஒன்று தயார் செய்திருந்தான். கூட்டத்தைப் பார்த்ததும் அது பாதிதான் வந்தது.

“மெரெதே, இவ்ளோ வருஷமா நீ தலைகீழா வாசிச்சுட்டே. இது இப்ப உன் கைக்கு மாத்தினது. இனிமே நீ நேரா வாசிக்கலாம்.”

எல்லாரும் கைதட்டினார்கள். பென்ட்டின் மனைவி யோன்னா மூக்கை உறிஞ்சினாள். மெரெதே படிக்கட்டில் உட்கார்ந்து கிட்டாரை மடியில் வைத்து, வழக்கமான முதல் பிடியைப் பிடித்து மேலிருந்து கீழே ஒரு இழுப்பு இழுத்தாள்.

அது எந்தப் பிடியின் சுரமும் இல்லை. அலமாரியிலிருந்து பாத்திரம் விழுந்ததுபோல இருந்தது.

அவள் குனிந்து பார்த்தாள். மோவாய்ப் பக்கம் இருக்க வேண்டிய மெல்லிய கம்பி தரைப் பக்கம் போயிருந்தது. தரைப் பக்கத்துத் தடித்த கம்பி மேலே வந்திருந்தது. கழுத்தின் விளிம்பை விரலால் தடவினாள். வழுவழுவென்று இருந்தது. பிறகு உள்ளங்கையைக் கம்பிகள்மேல் வைத்து அமுக்கிவிட்டு, நிமிர்ந்து எஸ்பெனைப் பார்த்தாள். அவன் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது.

“கை இன்னும் தூக்கத்துல இருக்கு” என்று எல்லாருக்கும் கேட்கும்படிச் சொன்னாள். “முதல்ல காபி. உள்ள வாங்க எல்லாரும்.”

சிரித்துக்கொண்டே உள்ளே போனார்கள். அவள் அவனைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தாள். கொஞ்சம் அதிகமாகவே இறுக்கிப் பிடித்தாள். எஸ்பெனுக்கு அன்று முழுக்கக் கால் தரையில் பாவவில்லை.

அடுத்த வாரம் மெரெதேவுக்குக் கட்டைவிரலில் வலி வந்தது. கிட்டார் பெட்டிக்குள்ளேயே இருந்தது. எஸ்பென் மருந்துக்கடையிலிருந்து களிம்பு வாங்கி வந்து தானே தேய்த்துவிட்டான். எந்த விரல் என்று கேட்டபோது முதல்நாள் வலதைக் காட்டினாள், மூன்றாம்நாள் இடதைக் காட்டினாள். வலி இடம் மாறுகிறது போலும் என்று அவனும் மாற்றித் தேய்த்தான்.

சனிக்கிழமை ஃபெர்ரியில் யோன்னா ஏறினாள். அவளும் மெரெதேவோடு முதியோர் இல்லத்தில்தான் வேலை பார்க்கிறாள். அவளுக்கும் பென்ட்டுக்கும் வெள்ளிவிழா அந்த மாதக் கடைசியில் வருகிறது. காபி குடிக்க மேலே வந்திருந்த எஸ்பெனைப் பிடித்துக்கொண்டாள்.

“எங்க வாசல்ல மெரெதே வாசிப்பாதானே? உன் வீட்டுல பென்ட் ஊதின லட்சணத்தைப் பாத்தேல்ல. அதுவும் எங்க வீட்டுக்கு அவனே வெளிய நின்னு ஊதவும் முடியாது.”

“விரல்ல வலி அவளுக்கு. பாவம், பிடிக்கவே முடியல.”

“வலியா? நேத்து இல்லத்துக் கூடத்துல சுவத்துல தொங்குதே, அந்தக் கிட்டாரை எடுத்து ஒரு மணி நேரம் வெளுத்து வாங்கினா. கிழவங்க எல்லாம் சக்கர நாற்காலியிலேயே ஆடினாங்க. ஒரு வலியும் தெரியலையே?”

எஸ்பென் காபியைக் குடிக்காமலேயே வைத்துவிட்டுக் கீழே இறங்கினான்.

சாயங்காலம் வழக்கத்தைவிடச் சீக்கிரம் வீட்டுக்கு வந்தான். பின்பக்கமாகச் சுற்றி வரும்போது, துணி துவைக்கிற அறையிலிருந்து சத்தம் கேட்டது. யாரோ கிட்டார் பழகிக்கொண்டிருந்தார்கள். ஒரு பிடி, ஒரு தடுமாற்றம். மறுபடியும் அதே பிடி, அதே இடத்தில் தடுமாற்றம். இப்போதுதான் கையில் எடுத்த பள்ளிப்பிள்ளைபோல வாசித்தார்கள். எஞ்சின் ஓடுகிற சத்தத்தைக் கேட்டே எந்த வால்வு கோளாறு என்று சொல்லுகிறவன் அவன். கேட்கத் தெரியும். மெரெதே கம்பிகளை மேலிருந்து தடவினால் மெல்லிய குரல் முன்னால் வரும், கனத்த குரல் பின்னால் வந்து சேரும். வேறு யார் வாசித்தாலும் அப்படி வருவதில்லை. அவன் ஆசைப்பட்டுக் கல்யாணம் செய்துகொண்டதே அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான். இப்போது கனத்த குரல் முன்னால் வந்தது. யார் வீட்டுக் கிட்டாரோ ஒன்று கேட்டது.

கதவைத் தள்ளினான். மெரெதே துவைக்கும் இயந்திரத்தின்மேல் உட்கார்ந்திருந்தாள். கண் சிவந்திருந்தது.

“கட்டைவிரல் எப்படி இருக்கு?” என்றான்.

“நல்லாத்தான் இருக்கு.” கிட்டாரைக் கீழே வைத்தாள். “உக்காரு.”

உட்கார அழுக்குத்துணிக் கூடைதான் இருந்தது. உட்கார்ந்தான்.

“எனக்கு இதை வாசிக்கத் தெரியல, எஸ்பென்.”

“உன் கைக்குத்தானே மாத்தினது.”

“என் கைக்கு மாத்தல. இடதுகைக்கு மாத்திருக்கே. ரெண்டும் ஒண்ணு இல்ல. நான் கத்துக்கிட்டது அண்ணன் கிட்டார்ல. அவன் வெளிய போனதும் எடுப்பேன், வர்றதுக்குள்ள வெச்சிடுவேன். கம்பியை மாத்தினா கண்டுபிடிச்சிடுவான், காதைத் திருகுவான். அதனால இருந்தபடியே திருப்பிப் பிடிச்சுக் கத்துக்கிட்டேன். என் விரலுக்குத் தெரிஞ்சது அதுதான்.”

“அப்புறமாவது மாத்திக் கட்டியிருக்கலாமே?”

“எதுக்கு? மத்த இடதுகைக்காரங்களைப் பாத்திருக்கியா? எங்க போனாலும் தன் கிட்டாரை முதுகுல சுமந்துட்டுப் போகணும். இல்லாட்டி கையைக் கட்டிக்கிட்டு உக்காரணும். நான் எந்த வீட்டுக்குப் போனாலும் சுவத்துல தொங்குறதை எடுத்து வாசிப்பேன். உலகத்துல இருக்கிற கிட்டார் எல்லாம் என்னோடதுதான். இந்த ஒண்ணு மட்டும்தான் இப்ப என்னோடது இல்ல.”

“அந்தக் கோபன்ஹேகன்காரர் சொன்னாரே, பாவம்னு...” என்று இழுத்தான் எஸ்பென்.

“சொன்னாரு. நான் சிரிச்சேன். நீ ஏன் சிரிக்கல?”

அவன் கூடையிலிருந்து துருத்திய ஒரு காலுறையை உள்ளே திணித்தான்.

“பாவம்னு சொன்னது என்னை. வெட்கப்பட்டது நீ. அதுக்குப் போய் என் கிட்டாரை வெட்டிட்டு வந்திருக்கே.” அவளுக்குக் கோபம்தான், சந்தேகமே இல்லை. “என்னை ஒரு வார்த்தை கேக்கத் தோணலையா உனக்கு?”

எஸ்பென் கூடையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். சுற்றி வளைத்து ஏதாவது சொல்லலாம் என்றுதான் முதலில் நினைத்தான். பொய் சொல்ல வராது என்பது அவனுக்கே தெரியும்.

“ஆமா. எனக்குத்தான் வெட்கமா இருந்துச்சு. பெண்டாட்டிக்கு ஒரு கிட்டாரைச் சரி பண்ணித் தரத் துப்பில்லாதவன்னு அவர் நினைச்சிருப்பார்னு தோணுச்சு. நீ என்ன நினைப்பேன்னு நினைக்கவே இல்ல.” பிறகு, “அன்னிக்கே சொல்லியிருக்கலாமே, மெரெதே. எதுக்கு ஒளிஞ்சு ஒளிஞ்சு பழகறே?”

“எப்படிச் சொல்றது? ஊரே நிக்குது. நீ கண்ணுல தண்ணியோட நிக்கிறே. ஒரு வருஷம் பழகினா வந்துடும்னு பாத்தேன்.” புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “வராது போலருக்கு.”

அவள் தன் பொருட்டு ஒரு வருஷம் இந்த அறையில் உட்காரத் தயாராக இருந்தாள் என்பதுதான் எஸ்பெனை அடித்துப்போட்டது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான்.

“நாளைக்கே எடுத்துட்டுப் போறேன். பழையபடி மாத்தச் சொல்றேன்.”

“நாளைக்கு ஞாயித்துக்கிழமை. திங்கக்கிழமை போகலாம். நானும் வர்றேன்” என்றாள். “இனிமே நான் இல்லாம இந்தக் கிட்டார் கடல் தாண்டாது.”

ஹோல்கர் இருவரையும் ஒன்றாகப் பார்த்ததும் மேசை இழுப்பறையைத் திறந்து, காகிதத்தில் சுற்றிய பழைய எலும்புத் துண்டை எடுத்து வெளியே வைத்தார்.

“தூக்கிப் போடல. யாராவது இதைத் தேடிட்டு வருவாங்கன்னு ஒரு எண்ணம்.”

“அப்பவே சொல்லியிருக்கலாமே!” என்றான் எஸ்பென்.

“சொன்னேனே.”

சொல்லத்தான் செய்தார். எஸ்பென் தலையைச் சொறிந்துகொண்டான். ஹோல்கர் கம்பிக்கட்டையில் தான் வெட்டிய பள்ளத்தை நகத்தால் தடவிப் பார்த்தார். இதை அடைத்துவிட்டு, முன்பு அடைத்த இடத்தைத் திரும்ப வெட்ட வேண்டும். பசை நன்றாகக் காய வேண்டும். பென்ட் வீட்டு விழாவுக்கு முன்னால் முடியும், ஆனால் ரெண்டு தழும்பு நிரந்தரமாகத் தெரியும் என்றார்.

“தெரியட்டும்” என்றாள் மெரெதே. “யாராவது கேட்டா என் புருஷன் போட்ட நகைன்னு சொல்லிக்கிறேன்.”

பிறகு அவர், சுவரில் தொங்கிய வலதுகைக் கிட்டார் ஒன்றை எடுத்து அவளிடம் நீட்டினார். “வாசிச்சுக் காட்டுங்களேன். கம்பி எவ்ளோ உயரத்துல இருந்தா உங்களுக்குத் தோதுன்னு பாத்துக்கிறேன்.”

அவள் அதைத் திருப்பிப் பிடித்து வாசித்தாள். மெல்லிய குரல் முன்னால் வந்தது, கனத்தது பின்னால் வந்து சேர்ந்தது. எப்போதும் எஸ்பென் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் கேட்பான். இன்று முதல்முறையாகக் கையைப் பார்த்தான். மற்றவர்கள் விரலால் மீட்டுகிற மெட்டை, மேலே இருக்கிற மெல்லிய கம்பிகளில் அவள் கட்டைவிரல் மீட்டியது. மற்றவர்கள் கட்டைவிரலால் போடுகிற கனத்த சுரத்தைக் கீழே அவள் விரல்கள் இழுத்துப் போட்டன. எல்லாமே இடம் மாறி வேலை செய்தன. எதிலும் ஒரு குறை இல்லை. அப்புறம் கண்ணைப் பார்த்தான். அது மூடியிருக்கவில்லை. இமை தாழ்ந்து, கழுத்து விளிம்பின்மேல் ஓடி ஓடி எதையோ தேடிக்கொண்டிருந்தது. ஓர் இடத்தில் விரல் ஒரு கட்டம் தவறி விழுந்தது. மெரெதே நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

“இந்தக் கிட்டார்ல புள்ளியெல்லாம் தரையைப் பாத்து இருக்கு” என்றாள்.

“எல்லாக் கிட்டார்லயும் உங்களுக்கு அப்படித்தானே இருக்கும்?” என்றார் ஹோல்கர்.

“அதனாலதான் என்னோடதுல இந்தப் பக்கத்து விளிம்புல நானே வெச்சிருந்தேன். சிவப்பா.”

“நீ கண்ணை மூடிக்கிட்டு வாசிக்கலையா?” என்று கேட்டான் எஸ்பென்.

“மூடிக்கிட்டா? மூடினா எங்க விரல் வெக்கிறதுன்னு உன் அத்தையா வந்து சொல்லுவா?”

“அப்ப அந்தச் சிவப்பு...”

“நகப்பூச்சு. ஆறு மாசத்துல விரல் பட்டு அழிஞ்சிடும். மறுபடியும் வெப்பேன். இல்லத்துல இருக்கிற கிட்டாருக்கும் சேத்து.” அவனை விநோதமாகப் பார்த்தாள். “நீதானே வாங்கித் தர்றே? தெரிஞ்சுதான் வாங்கித் தர்றேன்னு இவ்ளோ நாளா நெனச்சிட்டிருந்தேன்.”

ஹோல்கர் அவசரமாக எதையோ தேடுகிறவர்போலப் பட்டறையின் கோடிக்குப் போய்விட்டார். அவர் தோள் குலுங்கியது.

பென்ட் வீட்டு வாசலில் வளைவு கட்டி முடித்து, ஏணியை வைத்துவிட்டு எஸ்பென் வீட்டுக்கு வந்தபோது சாயங்கால வெளிச்சம் நன்றாகவே இருந்தது. சமையலறை மேசையில் கிட்டார் படுத்திருந்தது. மெல்லிய கம்பி மெல்லிய கம்பியின் இடத்தில் இருந்தது. கம்பிக்கட்டையில் இரண்டு தழும்பு தெரிந்தது. பக்கத்தில் சிவப்புக் குப்பி.

“நான் வெக்கட்டுமா?” என்றான்.

மெரெதே அவன் கையைப் பார்த்தாள். கிரீஸ் ஏறிய, தடித்த கை. “வை பாக்கலாம். கட்டம் மூணு, அஞ்சு, ஏழு, ஒம்போது. பன்னெண்டுல ரெண்டு.”

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு வைத்தான். ஒவ்வொரு புள்ளிக்கும் நாக்கு வெளியே வந்து உள்ளே போயிற்று. மெரெதே ரொட்டி மாவைப் பிசைந்துகொண்டே வேடிக்கை பார்த்தாள். முடித்ததும், முகம் முழுக்கச் சிரிப்போடு கிட்டாரைத் தூக்கிக் காட்டினான். அவள் எண்ணிப் பார்த்தாள்.

“ஒம்போதுன்னா ஒம்போது, எஸ்பென். நீ பத்துல வெச்சிருக்கே.”

“ஐயையோ.” பஞ்சையும் ஸ்பிரிட்டையும் எடுத்துவந்து, புள்ளியில் வைக்கப் போனவன், பஞ்சு படுவதற்குள் நிறுத்திக்கொண்டான். கை அப்படியே நின்றது. நிமிர்ந்து பார்த்தான்.

“மெரெதே, தொடைக்கட்டுமா? இல்ல, இருக்கட்டுமா?”

மெரெதே மாவு ஒட்டிய கையோடு வந்து அவன் பக்கத்தில் நின்றாள். கிட்டாரைப் பார்த்தாள், அவனையும் பார்த்தாள்.

“இருக்கட்டும்” என்றாள். “நான் பாத்துக்கிறேன்.”

மறுநாள் விடிகாலையில் பென்ட் வீட்டு ஜன்னலுக்கடியில் தெருவே கூடி நின்றது. சுதி எல்லாருக்கும் எட்டுகிற இடத்தில் இருந்தது. மெரெதே பாட்டுக்கு முன்னால் மெட்டை மட்டும் தனியாக வாசித்தாள். மெட்டு மேலே ஏறுகிற இடத்தில் இமையைத் தாழ்த்தி விளிம்பைப் பார்த்தாள். சிவப்புப் புள்ளி இருந்த இடத்தில் விரலை வைத்தாள். ஒரு சுரம் கோணலாகப் போய்க் காற்றில் நின்றது.

தூங்கிக்கொண்டிருக்க வேண்டிய பென்ட் ஜன்னலைப் படாரென்று திறந்து தலையை நீட்டினான். “யாருடா அது, சுதி பிசகுறது?”

“எஸ்பென்!” என்றாள் மெரெதே, கையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

கூட்டம் ஓவென்று சிரித்தது. உள்ளேயிருந்து யோன்னா பென்ட்டின் சட்டையைப் பிடித்து இழுக்கிற சத்தம் கேட்டது. மெரெதே விரலை ஒரு கட்டம் கீழே நகர்த்திவிட்டு மறுபடியும் ஆரம்பித்தாள். எஸ்பென் அவளுக்கு எதிரே போய் நின்று, அவள் கையைப் பார்த்துக்கொண்டே எல்லாரையும்விடச் சத்தமாகப் பாடினான்.